காவலும் கட்டுப்பாடும்: நிர்ப்பீடன அறிவியலுக்கு நாய்கள் கற்பித்த பாடம்

நோயைப் பற்றியும் கிருமிகளைப் பற்றியும் எழுத நேரும்போது பத்திரிகைக்காரர்களின் பேனாவுக்கு முதலில் வந்து நிற்கும் உவமை ஒன்று உண்டு. உடல் ஒரு நாடு. கிருமிகள் படையெடுத்து வரும் பகைவர். வெண்குருதிக் கலங்கள் எல்லைக் காவலர். எழுதுவதற்கு இலகுவான, வாசிப்பதற்கு விறுவிறுப்பான உவமை இது. ஆனால், கதையின் ஒரு பாதியை மட்டுமே அது சொல்கிறது. காவலர் யாரைத் தாக்க வேண்டும் என்பதோடு, யாரைத் தொடக்கூடாது, எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதும் காவலின் பகுதிதான். அந்த மறுபாதியை மனிதன் அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. அந்த நீண்ட பாதையின் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் ஒரு நாய் படுத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. நோயை எதிர்க்கும் உடலின் ஆற்றலை இலங்கைப் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்கின்றன. தமிழகத்தில் நோயெதிர்ப்பாற்றல் என்பார்கள். அந்நியப் பொருளைப் பற்றிப் பிடிப்பதற்காக உடல் உருவாக்கும் புரதத்தை நாங்கள் பிறபொருளெதிரி என்று படித்தோம். தமிழகத்தில் அது எதிர்ப்பான். பரந்து வாழும் வாசகர்கள் தத்தமக்குப் பழக்கமான சொல்லை இட்டு வாசித்துக் கொள்ளலாம்.

குருதியில் இருந்த காவல்

பரிஸ் மருத்துவபீடத்தில் உடற்றொழிலியல் பேராசிரியராக இருந்தவர் சார்ள்ஸ் றிஷே. 1850 இல் பிறந்தவர். இவரும் இவரது சகாவான ஜூல் எரிக்கூரும் 1888 ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையைச் செய்தார்கள். ஒரு வகைக் கிருமி முயல்களைக் கொன்றது. நாய்களோ அதனைத் தாங்கிக்கொண்டன. அப்படியானால் நாயின் குருதியில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். நாயின் குருதியை முயலின் வயிற்றறைக்குள் செலுத்திவிட்டுக் கிருமியைக் கொடுத்தபோது முயல்கள் பாதுகாப்புப் பெற்றன. காவலை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் குருதி வழியாக மாற்ற முடியும் என்று காட்டிய ஆரம்பச் சோதனைகளில் இது ஒன்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1890 இல், ஜேர்மனியில் எமில் வொன் பேரிங்கும் ஜப்பானியரான ஷிபசபுரோ கிடசாட்டோவும் ஈர்ப்புவலி, தொண்டைக்கரப்பன் ஆகிய நோய்களின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதிப் பாயத்தில் உண்டு என்பதை நிறுவினார்கள். குதிரைகளுக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஊட்டி, அவற்றின் குருதிப் பாயத்தை எடுத்து, தொண்டை அடைத்து மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு ஏற்றும் சிகிச்சை பிறந்தது. 1901 இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு பேரிங்குக்கே வழங்கப்பட்டது.

அது நம்பிக்கையின் காலம். ஒரு நஞ்சைச் சிறிதளவு கொடுத்தால் உடல் பழகிக்கொள்ளும். மறுமுறை அதே நஞ்சு வரும்போது உடல் இன்னும் உறுதியாக நிற்கும் என்பது அன்றைய விதி. காவல் கூடக்கூட நன்மையும் கூடும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

நெப்டியூனின் 25 நிமிடங்கள்

மொனாக்கோவின் அரசர் முதலாம் அல்பேர்ட் கடலாய்வில் பேரார்வம் கொண்டவர். 1901 ஆம் ஆண்டு கோடையில் அவரது ஆய்வுக் கப்பலான பிரின்செஸ் அலிஸ் அத்திலாந்திக் கடலில் பயணம் செய்தபோது றிஷேயும் போல் போர்த்தியே என்ற உடற்றொழிலியலாளரும் உடன் சென்றார்கள். 'போர்த்துக்கேயப் போர்க்கப்பல்' என்று மாலுமிகள் பெயர் சூட்டிய நீல நிறக் கடலுயிரி ஒன்று உண்டு. அதன் நீண்ட இழைகள் உடலில் பட்டால் தீப்பட்டது போல எரியும். அந்த நஞ்சை ஆராயுமாறு அரசர் இருவரையும் தூண்டினார். கப்பலிலேயே ஆய்வு தொடங்கியது.

பிரான்சுக்குத் திரும்பியபின் அந்த உயிரி கிடைக்கவில்லை. ஆகவே, கரையோரங்களில் எளிதில் அகப்படும் கடற்சாமந்தியின் நஞ்சை எடுத்துப் பரிஸ் ஆய்வுகூடத்தில் நாய்களுக்குச் செலுத்தி, எந்த அளவு கொல்கிறது என்று கணக்கிட்டார்கள். குறைந்த அளவு பெற்ற நாய்கள் பிழைத்தன. பிழைத்தவற்றை வீணாக்காமல் வாரக்கணக்கில் பேணி வைத்து, முற்றாகத் தேறிய பின்னர் மீண்டும் நஞ்சைக் கொடுத்தார்கள். அவை முன்னிலும் உறுதியாகத் தாங்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

அந்த நாய்களில் ஒன்றின் பெயர் நெப்டியூன். நல்ல உடற்கட்டும் ஆரோக்கியமும் கொண்ட நாய். முதல் ஊசியினால் அதற்குப் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை. சில வாரங்களின் பின்னர், 1902 பெப்ரவரியில், அதே அளவு சொற்ப நஞ்சு அதற்கு மீண்டும் செலுத்தப்பட்டது. சில கணங்களிலேயே நெப்டியூனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. வயிறு கழன்றது, குருதியாக வாந்தி எடுத்தது. 25 நிமிடங்களில் உயிர் பிரிந்தது.

பரிசோதனையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். றிஷேயும் போர்த்தியேயும் அப்படிச் செய்யவில்லை. மற்ற நாய்களிலும் இதையே கண்டார்கள். முதல் ஊசியின்போது தீங்கு செய்யாத அளவு, இரண்டாவது ஊசியின்போது கொன்றது. இடையில் சில வாரங்கள் கழிந்திருக்க வேண்டும் என்பதும் தெரியவந்தது. உடனடியாகக் கொடுத்தால் இந்த விளைவு இல்லை. உடல் எதையோ ஆயத்தப்படுத்துவதற்கு அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்கிறது.

1902 பெப்ரவரி 15 ஆம் திகதி பரிஸ் உயிரியல் கழகத்தில் அவர்கள் தமது கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். கிரேக்க மொழியில் 'பிலக்சிஸ்' என்றால் காவல். அதற்கு நேர்மாறானது என்ற பொருளில் 'அனபிலக்சிஸ்' என்ற சொல்லை உருவாக்கினார்கள். தமிழில் சொல்வதானால் எதிர்க்காவல். றிஷேக்கு 1913 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று இதன் பொறிமுறை தெரியும். முதல் சந்திப்பின்போது உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளில் ஐஜிஈ என்ற ஒரு வகை, இழையங்களில் உள்ள சில கலங்களின் மேற்பரப்பில் போய் அமர்ந்துகொள்கிறது. அந்தக் கலங்களின் உள்ளே ஹிஸ்டமின் முதலிய வீரியமுள்ள இரசாயனங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. அதே அந்நியப் பொருள் மறுபடி வந்து அந்தப் பிறபொருளெதிரிகளைத் தொட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கொட்டுகின்றன. நாயில் இந்தத் தாக்கம் முதன்மையாக ஈரலையும் குடலையும் தாக்கும். நெப்டியூனின் வாந்தியும் வயிற்றோட்டமும் அதனாலேயே. மனிதரில் தொண்டையும் சுவாசக் குழாய்களும் குருதி அமுக்கமும் முதலில் பாதிக்கப்படும். ஐஜிஈ கண்டறியப்பட்டது 1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவிலும் சுவீடனிலும். நெப்டியூன் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

குளவி கொட்டியும், கடலை தின்றும், பென்சிலின் ஊசி ஏற்றியும் சில நிமிடங்களில் ஒருவர் சரிந்து விழும்போது நிகழ்வது இதுவே. ஊசி போட்டபின் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகும்படி தாதியர் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

வேலி பயிரை மேய்ந்த கதை

காவல் அளவு மீறலாம் என்று நெப்டியூன் காட்டியது. தன் உடலையே அது தாக்குமா என்பது அடுத்த கேள்வி.

அதே காலத்தில் ஜேர்மனியில் போல் ஏர்லிக் ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓர் ஆட்டுக்கு இன்னோர் ஆட்டின் குருதியைச் செலுத்தினால் அந்தக் குருதிக்கு எதிரான பிறபொருளெதிரி தோன்றியது. ஆனால், தன் சொந்தக் குருதிக் கலங்களை அழிக்கும் பிறபொருளெதிரியை எந்த ஆடும் உருவாக்கவில்லை. தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதில் உடலுக்கு ஓர் அச்சம் உண்டு என்று 1901 அளவில் அவர் எழுதினார். அந்த அச்சம் தளராதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள் உடலில் இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்னது. பின்வந்தவர்களோ, தன்னைத் தாக்கும் நோய் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று அதைப் புரிந்துகொண்டார்கள்.

அந்த நம்பிக்கையைக் குலைத்ததில் நமது நாடுகளுக்கு நெருக்கமான ஒரு நோய்க்குப் பங்குண்டு. அது விசர்நாய்க்கடி.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் எமது தலைமுறையில் இருக்க முடியாது. வட இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் 1911 இல் உருவாக்கிய தடுப்பு மருந்து அது. விசர்நோய் வைரஸ் தொற்றிய செம்மறியாட்டின் மூளையை அரைத்து, பீனோல் சேர்த்து வைரசைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. குன்னூரில் 1907 இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் உட்படப் பல இடங்களிலும் மூளையிலிருந்தே மருந்து தயாரித்தார்கள். எண்ணற்ற உயிர்களை அது காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு நாட்கள் கழித்துக் கைகால் விளங்காமல் போயிற்று. சிலர் இறந்தார்கள். கடித்த நாய்க்கு விசர் இல்லாதபோதும் இது நேர்ந்தது. 1930களில் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் தோமஸ் றிவேர்ஸ் என்பவர், எந்த நோயும் இல்லாத முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தார். சில குரங்குகளுக்கு அதே முடக்கம் வந்தது. குற்றவாளி வைரஸ் இல்லை என்பது தெளிவாயிற்று. அந்நிய மூளைக்கு எதிராகக் கிளர்ந்த காவல், அதைப் போலவே இருக்கும் சொந்த நரம்புகளின் உறையைக் கரண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது.

மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தின் இடத்தைப் பின்னர் ஆய்வுகூடத்தில் கலங்களில் வளர்க்கும் வைரசிலிருந்து செய்த பாதுகாப்பான தடுப்பூசிகள் எடுத்துக்கொண்டன. இந்தியாவில் இந்த மாற்றம் முழுமையடைய 2000களின் நடுப்பகுதி வரை சென்றது.

வேலி தன் பயிரை மேய்வதற்கு மனிதனின் ஊசியும் தேவையில்லை என்பதை 1965 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களில் விவரித்தார்கள். மனிதரில், குறிப்பாகப் பெண்களில், தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும் லூப்பஸ் என்ற நோய் நாய்களிலும் இயற்கையாகத் தோன்றுகிறது என்று பொஸ்ரனில் றொபேர்ட் ஷ்வார்ட்ஸும் சகாக்களும் காட்டினார்கள். மனிதனோடு ஒரே வீட்டில் வாழும் பிராணிக்கு மனிதனின் அதே உட்பகை இருந்தது. நாய்களின் ஒரு வகைக் குருதிச்சோகையில் அவற்றின் பிறபொருளெதிரிகள் சொந்தச் செங்குருதிக் கலங்களைப் பிடித்து அழிக்கின்றன. கொக்கர் ஸ்பானியல் இன நாய்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

லொலிபொப்பும் கூப்பர்ஸ்டவுன் நாய்களும்

இன்னொரு கதையும் இதனோடு வந்து சேர்கிறது. குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் கலையில் தேர்ந்த அலெக்சிஸ் கரெல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாய்களில் சிறுநீரகங்களை மாற்றிப் பார்த்தார். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாயில் திரும்பப் பொருத்தினால் அது வேலை செய்தது. இன்னொரு நாயில் பொருத்தினால் பழுதாகிப் போயிற்று. கத்தியிலும் ஊசியிலும் குறையில்லை, காவல்தான் தடுத்தது. கரெலுக்கு 1912 இலும் றிஷேக்கு 1913 இலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் நோபல் பரிசு கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

அந்தத் தடையைத் தளர்த்துவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. மேலே குறிப்பிட்ட ஷ்வார்ட்ஸ், வில்லியம் டாமஷெக்குடன் சேர்ந்து, புற்றுநோய் மருந்தான 6-மேர்கப்டோபியூரின் முயல்களின் நிர்ப்பீடனத்தை அடக்கிவைக்கும் என்று 1959 இல் எழுதினார். அதனைப் படித்த றோய் கான் என்ற இளம் பிரித்தானிய அறுவை மருத்துவர், சிறுநீரகம் மாற்றப்பட்ட நாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்து 1960 இல் பெறுபேறுகளை வெளியிட்டார். பின்னர் பொஸ்ரனுக்குச் சென்று ஜோசப் மறேயுடன் பணியாற்றினார். ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் ஜேர்ட்ரூட் எலியனும் உருவாக்கிய அசத்தியோபிரின் என்ற மருந்தை அங்கே நாய்களில் சோதித்தார்கள்.

அந்த நாய்களில் ஒன்று லொலிபொப். மாற்றுச் சிறுநீரகத்துடன் மாதக்கணக்கில் வாழ்ந்த அந்த நாய், மருத்துவர்கள் கூடியிருந்த மண்டபத்துக்குள் துள்ளிக்கொண்டு ஓடிவந்தது. எண்களும் வரைபுகளும் நம்பவைக்க முடியாதவர்களை அந்தத் துள்ளல் நம்பவைத்திருக்கும். 1962 இல் அந்த மருந்தின் துணையோடு, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டு ஓராண்டுக்கு மேல் வேலை செய்தது.

நியூயோர்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் டொனல் தோமஸ் என்ற மருத்துவர் 1950களின் நடுப்பகுதியிலிருந்து நாய்களில் எலும்பு மச்சையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஆபத்து இருபுறமும் இருந்தது. மாற்றப்படும் மச்சை தானே ஒரு காவற்படை. நாயின் உடல் புதிய மச்சையைத் தாக்கலாம். புதிய மச்சை நாயின் உடலைத் தாக்கலாம். பல நாய்கள் இறந்தன. மனிதரிலும் ஆரம்ப முயற்சிகள் தோற்றன. மருத்துவர்கள் பலர் இந்தத் துறையையே கைவிட்டார்கள். தோமஸ் கைவிடவில்லை. சியாட்டில் நகருக்கு மாறிய பின்னர், இழையப் பொருத்தத்தைப் பிறபொருளெதிரிகளின் உதவியுடன் கண்டறியும் முறையை அவரது குழு 1968 இல் நாய்களுக்காக உருவாக்கியது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் பொருத்தமானவற்றைத் தெரிந்து, சில மாதங்கள் மட்டும் அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அதன் பின் மருந்தை நிறுத்தினாலும் பல நாய்கள் சுகமாக வாழ்ந்தன. சிறுநீரகம் மாற்றியவர் வாழ்நாள் முழுவதும் பொதுவாக மருந்தெடுக்க வேண்டியிருக்க, இங்கே இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று சகித்துக்கொள்ளப் பழகியிருந்தன.

மருந்து போன பிறகும் அமைதி நிலைக்கிறது என்றால், அந்த அமைதியைக் காப்பது எது? மறேயும் தோமஸும் 1990 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும் இந்தக் கேள்விக்கு முழுமையான விடை இருக்கவில்லை.

யேர்னேயின் கண்ணாடி மாளிகை

விடை சொல்ல முயன்றவர்களில் மிகத் துணிச்சலானவர் நீல்ஸ் யேர்னே. டென்மார்க் பெற்றோருக்கு 1911 இல் லண்டனில் பிறந்தவர். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நிர்ப்பீடனவியல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 1974 இல் அவர் முன்வைத்தது பிறபொருளெதிரிகளின் வலைப்பின்னல் என்ற கோட்பாடு.

அதன் சாரம் இது. ஒவ்வொரு பிறபொருளெதிரியின் நுனியிலும் அதற்கே உரிய ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவம் கிருமியின் ஒரு பகுதியோடு, பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. ஆனால், அந்தச் சாவியின் வடிவமும் உடலுக்குப் புதியதுதானே? ஆகவே, அதனோடு பொருந்தும் இன்னொரு பிறபொருளெதிரி உடலில் இருக்கும். அதற்கு மூன்றாவது ஒன்று. சாவியோடு பொருந்துவது பூட்டைப் போலத்தான் இருக்க வேண்டும். ஆகவே, வெளியுலகின் வடிவங்களுக்கு உடலுக்குள்ளேயே பிம்பங்கள் உண்டு. எதிரெதிரே கண்ணாடிகள் பதித்த ஒரு மாளிகை போல, பிறபொருளெதிரிகள் கிருமி வராத நாட்களிலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டும் தூண்டிக்கொண்டும் அடக்கிக்கொண்டும் இருக்கின்றன. அந்தச் சமநிலைதான் நிர்ப்பீடனம். கிருமி வருவது அந்தச் சமநிலையில் ஏற்படும் ஒரு சலனம்.

இதில் எல்லைக் காவலர் உவமை முற்றாகக் கவிழ்ந்து விடுகிறது. காவல் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும் சிப்பாய் என்ற நிலை போய், தனக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சமூகமாகிறது. 1984 இல் நோபல் பரிசைப் பெற்றபோது யேர்னே தமது உரைக்கு நிர்ப்பீடனத் தொகுதியின் ஆக்கமுறை இலக்கணம் என்று தலைப்பிட்டார். மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியின் சிந்தனையிலிருந்து எடுத்தது அது. குறைந்த விதிகளைக் கொண்டு, முன்னர் எவரும் சொல்லாத வாக்கியத்தை ஒரு குழந்தை சொல்கிறது. இயற்கையில் இல்லாத செயற்கை இரசாயனத்துக்கும் உடல் பிறபொருளெதிரியைச் செய்கிறது. இலக்கணத்தில் ஊறிய ஒரு மொழியைப் பேசும் எங்களுக்கு இந்த ஒப்புமையின் அழகு சொல்லாமலே விளங்கும்.

ஆனால், அழகான கோட்பாடு உண்மையான கோட்பாடாக இருக்க வேண்டியதில்லை. பிறபொருளெதிரிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மெய்யாகவே உண்டு. நாய்களின் மூட்டுவாத நோயிலும் அவ்வாறான ஒரு வகை காணப்படுகிறது. எனினும் அது பற்றுவது யேர்னே சொன்ன நுனியை விட்டு, எல்லாப் பிறபொருளெதிரிகளுக்கும் பொதுவான அடிப்பகுதியை. நிர்ப்பீடனத்தின் கடிவாளம் அந்த வலைப்பின்னலின் கையில் இருப்பதாகக் காட்டும் சான்று போதியளவு கிடைக்கவில்லை. எந்தப் பெறுபேறு வந்தாலும் வலையின் ஏதோ ஒரு முடிச்சைக் காட்டி விளக்கிவிடக் கூடியதாக இருந்தது. எதையும் விளக்கும் கோட்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1990களில் அது பாடநூல்களின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

கடிவாளம் பிடிக்கும் கலங்கள்

அதே காலத்தில் வேறொரு தேடலும் தோல்வி கண்டது. யேல் பல்கலைக்கழகத்தின் றிச்சர்ட் கேர்ஷன், நிர்ப்பீடனத்தை அடக்கும் தனிக் கலங்கள் உண்டென்று 1970களின் தொடக்கத்தில் கூறினார். நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால், அந்தக் கலங்களின் அடையாளமாகக் கருதப்பட்ட மரபணுவை 1980களில் எலியின் மரபுப் பொருளில் தேடியபோது, சொல்லப்பட்ட இடத்தில் அது இருக்கவில்லை. அடக்கும் கலம் என்ற சொல்லை உச்சரிக்கவே ஆய்வாளர்கள் கூச்சப்பட்டார்கள்.

ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அந்தக் கூச்சத்தைப் பொருட்படுத்தவில்லை. 1995 இல், ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைத் தாங்கும் ரி-கலங்களை நீக்கிவிட்டால் எலியின் காவல் அதன் சொந்த உறுப்புகளைத் தாக்குகிறது என்றும், அக்கலங்களைத் திருப்பிக் கொடுத்தால் தாக்குதல் தடுக்கப்படுகிறது என்றும் காட்டினார். 2001 இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் பிரெட் றாம்ஸ்டெல்லும், பிறவியிலேயே தன்னெதிர்ப்பு நோயுடன் பிறந்து மடியும் ஒரு வகை எலியில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஃபொக்ஸ்பி3 என்று பெயர். சகாகுச்சியின் கலங்களை உருவாக்குவது அந்த மரபணுவே என்பது 2003 இல் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஏர்லிக் ஊகித்த ஏற்பாடுகளில் ஒன்று இவ்வாறு கண்ணுக்குத் தெரிந்தது. நாய்களிலும் அதே கடிவாளக் கலங்கள் இருப்பதை 2007 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புற்றுநோயுள்ள நாய்களில் அவற்றின் விகிதம் உயர்ந்திருந்ததையும் கண்டார்கள். கட்டுப்பாடு குறைந்தால் உடல் தன்னையே தின்னும்; மிகுந்தால் புற்று வளர இடம் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவிலேதான் சுகவாழ்வு.

யேர்னே சொன்ன பொறிமுறை நிலைக்கவில்லை. ஆனால், நிர்ப்பீடனம் உள்ளிருந்தே ஆளப்படுகிறது என்ற அவரது பார்வை நிலைத்தது. ஆயிரக்கணக்கானோரின் குருதியிலிருந்து திரட்டிய பிறபொருளெதிரிகளை ஏற்றினால் சில தன்னெதிர்ப்பு நோய்கள் தணியும் என்று 1981 முதல் தெரியும். தம் செங்குருதிக் கலங்களைத் தாமே அழிக்கும் நாய்களுக்கும் மனிதக் குருதியிலிருந்து எடுத்த இந்த மருந்தைக் கால்நடை மருத்துவர்கள் சிலவேளைகளில் கொடுப்பதுண்டு. ஆனால், நாய்க்கு அது அந்நியப் புரதம். ஆகையால், இரண்டாம் முறை கொடுக்கத் தயங்குவார்கள். 1902 இல் நெப்டியூனுக்கு நேர்ந்தது இந்த நாய்க்கும் நேரலாம் என்பதே அந்தத் தயக்கத்தின் காரணம்.

கொவிட் தொற்று உலகை வாட்டிய 2020 இல், நிர்ப்பீடனத்தைப் பெருக்குவதாகச் சொல்லும் பாணிகளும் பொடிகளும் குளிகைகளும் எங்கும் விற்பனையாயின. அதே ஆண்டு ஜூன் மாதம் பிரித்தானியாவில் நடந்த பெரும் ஆய்வு ஒன்று, செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளரின் மரணங்களை டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கால் குறைத்தது என்று அறிவித்தது. அந்த மருந்து செய்வது நிர்ப்பீடனத்தை அடக்குவது. அந்தக் கட்டத்தில் பலருடைய நுரையீரல்களை வைரசோடு சேர்ந்து அவர்களின் சொந்தக் காவலும் அழித்துக்கொண்டிருந்தது. வைரஸ் மட்டும் தொற்றி, மூச்சுத் திணறல் இல்லாதவர்களுக்கோ அதே மருந்தினால் பயன் கிடைக்கவில்லை. எப்போது ஓங்க வேண்டும், எப்போது தாழ வேண்டும் என்பதில்தான் உயிர் தங்கியிருந்தது.

பெருக்குவோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் நெப்டியூனின் கதையை அறிந்திருக்க மாட்டார்கள். வாங்குகிறவர்களாவது அறிந்திருப்பது நல்லது.